பேர் போடாத நாள்

2019 ஜனவரி முதல் தேதி நான் வேலைக்குப் போகவில்லை. விடிந்த பிறகும் வீட்டில் இருந்த என்னை அம்மா விசித்திரமாகப் பார்த்தார். "உடம்பு சரியில்லையா, பிள்ளை?" என்றார். கொல்லம் பக்கம் சாலையில் போய் நிற்கப் போகிறோம், காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரைக்கும் பெண்கள் கைகோத்து மதிலாக நிற்கிறார்கள் என்று சொன்னேன். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "நிற்கிறதற்குப் பேர் போடுவார்களா?"

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி புரியும். இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், அதற்குத்தான் ஒரு நாள் கூலி. கொழுந்து குறைந்தால் அரைப்பேர். விடியற்காலைப் பிரட்டுக்கு, அதாவது ஆள் எண்ணி வேலை பிரிக்கும் நேரத்துக்கு, பிந்தி வந்தால் அதுவும் இல்லை, திரும்பிப் போக வேண்டியதுதான். என் அம்மா பதினான்கு வயதிலிருந்து கொழுந்து பறித்தவர். அந்த வருமானம் ஒரு மாதம்கூட அவர் கையில் வந்ததில்லை. சம்பள நாளில் வரிசையில் நின்று அப்பாதான் இரண்டு பேருடைய கூலியையும் வாங்கிக்கொண்டு வருவார். அப்பா கெட்டவர் இல்லை. லயம் என்று சொல்லும் தோட்டத்து வரிசை வீடுகள் எல்லாவற்றிலும் அப்படித்தான் நடந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூலியும் குறைவு. அங்கே கூலி சமமாக்கப்பட்டது 1984இல். அதற்கு ஐந்து வருடம் முன்பே நாங்கள் கப்பல் ஏறிவிட்டோம்.

1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், இந்திய வம்சாவளியான எங்கள் சனங்களில் ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரம் பேர் இந்தியாவின் பங்கு என்று எழுதப்பட்டது. அந்தக் கணக்கில் நாங்களும் ஆறு பேர். 1979இல் எனக்குப் பதினொரு வயது. அட்டன் ஸ்டேஷனில் கோச்சி, அதாவது ரயில், புறப்பட்டபோது எழுந்த அழுகை இன்றும் என் காதில் இருக்கிறது. தலைமன்னாரில் கப்பல், ராமேசுவரத்தில் கரை, மண்டபத்து முகாமில் சில நாட்கள். கடவுச்சீட்டு அப்பா பெயரில் இருந்தது. மனைவி, பிள்ளைகள் என்று அதற்குள் நாங்கள் ஐந்து வரிகளாக இருந்தோம்.

மண்டபத்தில் எங்களுக்கு எழுதிக் கொடுத்த ஊர் குளத்துப்புழை. அது தமிழ்நாடு இல்லை, கேரளம் என்று அங்கேதான் தெரிந்தது. தாயகம் திரும்புகிறோம் என்று சொல்லி அழைத்து வந்தவர்கள் மொழி தெரியாத இடத்துக்கு அனுப்புகிறார்களே என்று அப்பா உட்கார்ந்துவிட்டார். அம்மாதான் மூட்டையைத் தூக்கினார். செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைந்து போகும் ரயிலில், ஆரியங்காவு தாண்டி, பதிமூன்று கண் பாலத்தின் மேல் வண்டி ஏறியபோது வெளியே பார்த்தேன். அதே பச்சை, அதே பனி. அட்டன் திரும்பி வந்துவிட்டதோ என்று நினைத்தேன். இறங்கிப் பார்த்தால் தேயிலை இல்லை, வரிசை வரிசையாக ரப்பர்க் கன்று. இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கென்றே 1976இல் புனலூரைத் தலைமையிடமாக வைத்து அரசு தொடங்கிய மறுவாழ்வுத் தோட்டம் அது.

புது நாட்டில் முதலில் கிடைத்தது ஒரு பெயர். இலங்கையில் எங்களைக் கள்ளத்தோணி என்றார்கள், தோட்டக்காட்டான் என்றார்கள். தென்காசிச் சந்தையில் சிலோன்காரர். இங்கே பள்ளிக்கூடத்தில் பாண்டி. மலையாளம் வாயில் ஏறுவதற்குள் அந்தச் சொல்லுக்காக நான் எத்தனை நாள் அழுதேன் என்று சொல்லி முடியாது. மழையும் வேறு மாதிரி. அட்டைக்கடி பழகியதுதான், ஆனால் இந்தப் புழுக்கம் பழகவில்லை. ரொட்டி சுட்டுத் தின்ற வாய்க்குக் கப்பக்கிழங்கும் மீனும் ருசிக்க ஒரு வருடம் ஆயிற்று.

ஆனால் முதல் சம்பள நாளைச் சொல்லியே ஆக வேண்டும். இந்தியாவில் சமவேலைக்குச் சமஊதியம் தர வேண்டும் என்ற சட்டமும் அதே 1976இல்தான் வந்தது. எங்களுக்கு அது தெரியாது. பெயரைக் கூப்பிட்டார்கள், அப்பா போனார், எண்ணி வாங்கினார். அம்மாவின் கூலிக்கும் அவரே கையை நீட்டினார். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் தலையை ஆட்டிவிட்டு அம்மாவின் பெயரை மறுபடியும் கூப்பிட்டார். அம்மா அசையவில்லை. பின்னால் நின்ற பெண்கள் தள்ளிவிட்டார்கள். கட்டைவிரல் ரேகை வைத்து, அப்பா வாங்கிய அதே தொகையை அம்மா வாங்கினார். இரண்டு நாள் அதைச் செலவழிக்கவில்லை. முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு அடிக்கடி தொட்டுப் பார்த்தார். பெண் உரிமை என்று யாராவது பேசினால் எனக்கு இன்றும் அந்த முடிச்சுதான் நினைவுக்கு வருகிறது.

வாக்குச்சீட்டும் அப்படித்தான். இலங்கையில் 1931இலேயே பெண்களுக்கு வாக்குரிமை உண்டு. 1947 தேர்தலில் பாட்டி வாக்களித்தார் என்று அம்மா சொல்வார். அடுத்த வருடம் வந்த குடியுரிமைச் சட்டத்தில் எங்கள் சனங்களின் குடியுரிமை போயிற்று, அதன் பின்னால் வாக்கும் போயிற்று. பாட்டிக்கு இருந்தது அம்மாவுக்கு இல்லாமல் போனது. உரிமை ஒரு முறை வந்துவிட்டால் போகாது என்று நினைப்பவர்களுக்கு எங்கள் வீட்டுக் கதையைச் சொல்வேன். எண்பதுகளில், இந்த மண்ணில்தான், அம்மா முதல் முறையாக விரலில் மை வைத்துக்கொண்டு வந்தார்.

நானும் அந்த ரப்பர்க் காட்டிலேயே வளர்ந்தேன், பால் வெட்டப் பழகினேன், எங்களைப் போலவே கப்பலில் வந்த குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டேன், இரண்டு பிள்ளை பெற்றேன். இருட்டில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போனால் மரத்துக்கு மரம் பட்டையைச் சீவி, சிரட்டையை நிமிர்த்தி வைத்து, மறுசுற்றில் பாலை ஊற்றி எடுத்துக்கொண்டு களத்துக்கு வர வேண்டும். பட்டை ஆழமாகக் கீறினால் மரம் கெடும், மேலோட்டமாகக் கீறினால் பால் வராது. இந்தக் கை நிதானம் வந்துவிட்டால் ஊரும் வந்துவிடும் என்று அப்பா சொல்வார். கை நிதானம் சீக்கிரம் வந்தது, ஊர் வரவில்லை. கூட்டம் என்றால் பின்வரிசை, சங்கம் என்றால் ஆண்கள் பேச நாங்கள் கொடி பிடிப்பது. தமிழத்திக்கு என்ன தெரியும் என்ற பார்வை.

அதை உடைத்தவர்கள் மூணாற்றுப் பெண்கள். 2015 செப்டம்பரில் போனஸைக் குறைத்தார்கள் என்று கொழுந்து பறிக்கும் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். தமிழ் பேசும் பெண்கள், பெரும்பாலும் தாய்மார்கள். தொழிற்சங்க ஆண்களைப் பக்கத்தில் விடவில்லை. ஒன்பது நாள் எழுந்திருக்கவில்லை. பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பேச்சுவார்த்தையில் இருபது சதவீதம் வந்தது. அடுத்த மாதம் தோட்டக் கூலி பேசியபோது தேயிலைக்கு 232 ரூபாய் 301 ஆனது. அவர்கள் கேட்டது 500. கேட்டது கிடைக்கவில்லைதான். ஆனால் அதே பேச்சில் ரப்பர் வெட்டுக்கு 381 ரூபாய் என்று முடிவானது. அவர்கள் மலையில் மழையில் உட்கார்ந்ததற்கு எங்கள் காட்டிலும் கூலி ஏறியது. டிவியில் அந்த முகங்களைப் பார்த்து அம்மா, "நம் லயத்துப் பிள்ளைகள் மாதிரியே இருக்கிறார்கள்" என்றார். அந்த ஒன்பது நாளும் எங்கள் வீட்டில் டிவியை அணைக்கவே விடவில்லை.

அதனால்தான் மதிலுக்கு வருகிறாயா என்று கேட்டபோது உடனே வருகிறேன் என்றேன். சபரிமலைக்கு எந்த வயதுப் பெண்ணும் போகலாம் என்று 2018 செப்டம்பர் 28இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு கேரளமே கொதித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் பெண்களின் சமத்துவத்துக்காக அரசு முன்னின்று கூட்டியதுதான் இந்தப் பெண்கள் மதில். எங்கள் ஊருக்கு அது பக்கத்து வீட்டு விவகாரம். குளத்துப்புழையில் சாஸ்தா பாலகன், ஆரியங்காவிலும் அச்சன்கோவிலிலும் அவரே வேறு வேறு கோலத்தில் இருக்கிறார். கோயில் ஆற்றுத்துறையில் மீனுக்குப் பொரி போட்டுப் பிள்ளைகளுக்காக வேண்டிக்கொள்ளாத தாய் எங்கள் பக்கத்தில் இல்லை. நானும் போட்டிருக்கிறேன். அந்தக் குழந்தைச் சாமி எந்தத் தாயையும் பார்த்து முகம் சுளிப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

என்னோடு வெட்டுக்கு வரும் சேச்சி வேறு மாதிரி நினைத்தார். டிசம்பர் 26இல் ஆசாரத்தைக் காக்க ஐயப்ப ஜோதி என்று சாலையோரம் விளக்கேற்றி நின்றார்களே, அதில் அவரும் நின்றார். அவரும் இரண்டு பிள்ளைகளின் தாய், உழைப்பாளி. என் பிரசவத்தின்போது கஞ்சி கொண்டுவந்தவர். நான் மதிலுக்குப் போகிறேன் என்று தெரிந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். எனக்கு அது மிகவும் வலித்தது.

காலை பதினொரு மணிக்குப் பஸ் புறப்பட்டது. அதற்கு முன் சோறு வடித்து, குழம்பு வைத்து, அம்மாவின் மாத்திரையை எடுத்து வைத்து, பிளஸ் டூ படிக்கும் மகனிடம் இரவுக்கு அரிசி அளந்து காட்டிவிட்டுத்தான் ஏறினேன். பஸ்ஸில் இருந்த ஒவ்வொருத்தியும் அதைத்தான் செய்துவிட்டு வந்திருந்தாள். சமத்துவத்துக்காகச் சாலையில் நிற்கப் போகிறவர்கள் அடுப்பை முடித்துவிட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது. கைக்குழந்தையோடு மூன்று பேர் வந்தார்கள். போகாவிட்டால் தொழிலுறுதி என்னும் நூறு நாள் வேலையில் பெயர் விட்டுப்போகுமோ என்று பயந்து வந்தவள் ஒருத்தி இருந்தாள், அதையும் மறைக்க விரும்பவில்லை. அரசே முன்னின்று நடத்தும்போது அந்தப் பயம் வரத்தான் செய்யும். அவளுடைய பயத்தைப் போக்குவது கூப்பிட்டவர்களின் பொறுப்பாக இருந்திருக்க வேண்டும்.

அஞ்சல் என்ற ஊர் வழியாகப் போய்ச் சாத்தன்னூரில் தேசிய நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டார்கள். நல்ல வெயில். தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள், பாதிப் பேர் குடிக்கவில்லை. அத்தனை ஆயிரம் பெண்களுக்குக் கழிப்பறை எங்கே? ஒரு வீட்டுக்கார அம்மா வாசலைத் திறந்து, எல்லாரும் வாருங்கள் என்றார். அவர் வீட்டுப் பின்கட்டில் ஒரு மணி நேரம் வரிசை குறையவே இல்லை. அந்த அம்மா யார், எந்தக் கட்சி, எந்தச் சாதி என்று எனக்குத் தெரியாது.

நான்கு மணிக்கு வரிசை கூடியது. என் வலப்பக்கம் பர்தா அணிந்த ஓர் ஆசிரியை, இடப்பக்கம் அண்டி ஆபீசில் வேலை பார்க்கும் பெண். கொல்லத்தில் முந்திரி ஆலையை அப்படித்தான் சொல்வார்கள். அவள் விரல்கள் தோட்டின் எண்ணெய்யில் கறுத்துக் காய்த்திருந்தன. என் விரல்களில் ரப்பர்ப் பால் கறை. கையைப் பிடித்ததும் இருவரும் ஒரே நேரத்தில் கீழே பார்த்தோம். "அக்கா தமிழா?" என்றாள். ஆமாம் என்றேன். பிடியை இன்னும் இறுக்கிக்கொண்டாள். நாற்பது வருடத்தில் அந்தக் கேள்விக்குப் பிறகு ஒரு கை விலகியதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

உறுதிமொழி மலையாளத்தில். நவோத்தானம் என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. மறுமலர்ச்சி என்று மகள் முன்பே சொல்லிக் கொடுத்திருந்தாள். அவள் திருவனந்தபுரத்தில் கல்லூரியில் படிக்கிறாள். அதே நேரம் அவள் வெள்ளையம்பலத்தில் அய்யன்காளி சிலைக்குப் பக்கத்தில், வரிசையின் கடைசியில் நின்றாள். காசர்கோட்டில் தொடங்கி அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் நீண்ட வரிசை. எனக்கும் அவளுக்கும் இடையே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். அத்தனை தூரத்துக்கும் பெண்களின் கைகள்தான். கால் மணி நேரம் நின்றேன். யாருடைய மகள், யாருடைய மனைவி, எந்த நாட்டு அட்டை என்று ஒருவரும் கேட்கவில்லை.

இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தேன். மகன் சோறு வடித்திருந்தான், கொஞ்சம் குழைந்திருந்தது. அம்மா தூங்காமல் காத்திருந்தார். பேர் கிடையாது, ஒரு நாள் கூலி போனதுதான் என்று சொன்னேன். சாத்தன்னூரில் பிடித்த கையைப் பற்றிச் சொன்னேன். அம்மா என் இடக்கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மறுநாள் விடிவதற்குள் இரண்டு பெண்கள் சபரிமலையில் தரிசனம் செய்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. மூன்றாம் தேதி ஹர்த்தால். பஸ் இல்லை, கடை இல்லை, பல ஊர்களில் கல்லெறி. மரத்துக்கு ஹர்த்தால் தெரியாது. இருட்டிலேயே காட்டுக்குப் போனேன். அடுத்த வரிசையில் சேச்சியின் தலைவிளக்கு அசைந்துகொண்டிருந்தது. இருவரும் பேசவில்லை.

களத்தில் பால் அளக்கும்போது எனக்குப் பின்னால் அவர் நின்றார். என் வாளியை அளந்து, புத்தகத்தில் என் பெயருக்கு நேரே எழுதினார்கள். அடுத்த வரி அவருடையது. வாளியைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே, "அம்மாவுக்கு மாத்திரை இருக்கிறதா? இன்று கடை திறக்காது" என்றார். இரண்டு நாளைக்கு இருக்கிறது, சேச்சி என்றேன்.