ஆற்றோடு ஆறு நாள்

செப்டம்பர் 28, 2024, சனி. ட்ரியர்

மகனைக் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டு வந்து ஒரு வாரம் ஆகிறது. வீட்டில் சத்தமே இல்லை. "எங்கயாவது போய்ட்டு வருவோமா?" என்று இவர்தான் முதலில் கேட்டார். "ஓடி ஓடிப் பாக்குற ஊர் வேண்டாங்க. ஒரு ஆத்தங்கரையப் பிடிச்சு மெதுவாப் போவோம்" என்றேன். ஜெர்மனியின் மைன்ஸ் நகரிலிருந்து காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்கு ட்ரியர் வந்தாயிற்று.

இங்கிருந்து கோப்லென்ஸ் நேர்கோட்டில் நூறு கிலோமீட்டர்கூட இல்லை. மோசல் ஆறு அந்தத் தூரத்தை வளைந்து நெளிந்து சுமார் 190 கிலோமீட்டராக ஆக்கிக்கொள்கிறது. அது போகிற வழியே நாமும் போவது, நெடுஞ்சாலைப் பக்கம் திரும்புவதில்லை என்று பேசிவைத்திருக்கிறோம்.

சாயங்காலம் போர்ட்டா நிக்ரா பார்த்தோம். கி.பி. 170 வாக்கில் ரோமானியர்கள் கட்டிய கோட்டை வாசல். சுண்ணாம்புக் காரை எதுவும் வைக்காமல் கல்லோடு கல்லை இரும்புப் பட்டையால் பிணைத்திருக்கிறார்கள். பின்னாளில் இரும்புக்காகக் கல்லைக் குடைந்து அந்தப் பட்டைகளைப் பிடுங்கியிருக்கிறார்கள், சுவரெங்கும் குழிகள். ஒன்றில் விரலை விட்டுப் பார்த்தேன், இரண்டு கணு உள்ளே போயிற்று. பதினோராம் நூற்றாண்டில் சிமியோன் என்ற துறவி இந்த வாசலுக்குள் தன்னை அடைத்துக்கொண்டு வாழ்ந்து, இங்கேயே இறந்துபோனார். அவர் பேரில் இதை தேவாலயமாக மாற்றியதால்தான் இடிபடாமல் தப்பியது. ஒரு மனிதன் அசையாமல் உட்கார்ந்ததால் ஒரு கட்டடம் பிழைத்திருக்கிறது.

செப்டம்பர் 29, ஞாயிறு. பெர்ன்காஸ்டல்

காலையில் ஆற்றின்மேல் பனிமூட்டம். பத்து மணிக்கு மேல்தான் எதிர்க்கரை தெரிந்தது. நொய்மாகனில் ரோமானியக் கல்லறை ஒன்றின் மேலிருந்த கல் படகின் நகல் இருக்கிறது. படகு நிறைய மதுப் பீப்பாய்கள், துடுப்புப் போடும் ஆட்கள், அவர்களில் ஒருவன் முகத்தில் நல்ல சிரிப்பு. அசல் ட்ரியர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்த ஆற்றில் 1,800 வருஷமாக இதே சரக்குத்தான் போகிறது.

பீஸ்போர்ட் தாண்டி ஒரு கிராமத்தில் வீட்டு வாசலில் "திராட்சைச் சாறு கிடைக்கும்" என்று பலகை. நான் மது தொடுவதில்லை, இவர் வண்டி ஓட்டுகிறார், ஆகவே சாறு. எழுபதை நெருங்கும் அம்மா ஒருவர் ஊற்றிக் கொடுத்தார். தோட்டத்தைப் பார்க்கலாமா என்று கேட்டதும் செருப்பை மாற்றிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஏற ஆரம்பித்துவிட்டார்.

கீழேயிருந்து பார்க்கும்போது வரிவரியாகச் சீப்பு வாரினாற்போல் இருக்கும் சரிவு, ஏறும்போதுதான் எவ்வளவு செங்குத்து என்று தெரிகிறது. காலடியில் மண்ணே இல்லை, முழுக்க ஸ்லேட் கல் சில்லுகள். ஒரு சில்லை எடுத்து என் கையில் வைத்தார். பதினொரு மணி வெயிலுக்கே இளஞ்சூடு. பகலில் வாங்கிய சூட்டைக் கல் இரவில் கொடிக்குத் திருப்பிக் கொடுக்குமாம். இத்தனை வடக்கே ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை பழுப்பது அதனால்தான். ஒவ்வொரு கொடிக்கும் தனியாக ஒரு மரக்கம்பம். கிளைகள் இரண்டையும் இரு பக்கமும் வளைத்துக் கீழே கொண்டுவந்து கம்பத்தோடு கட்டியிருக்கிறார்கள். பார்ப்பதற்கு இதய வடிவம். "ஒவ்வொண்ணும் கையால கட்டினது. இங்க டிராக்டர் ஏறாது" என்றார்.

பழம் குறைவாக இருப்பதைப் பார்த்து நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். ஏப்ரல் கடைசியில், தளிர் விட்ட பிறகு, உறைபனி விழுந்தது. கீழ்ப் பகுதியில் பாதிக்கு மேல் கருகிவிட்டது. நான் பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம். அறுப்புக்கு நின்ற நெல் மழையில் சாய்ந்த வருஷம் அப்பா வரப்பில் நின்ற நிலை எனக்குத் தெரியும். அந்த அம்மாவும் அப்படித்தான் நின்றார், இடுப்பில் கை வைத்து, தோட்டத்தைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டு.

செப்டம்பர் 30, திங்கள். ட்ராபென்-ட்ரார்பாஹ்

பெர்ன்காஸ்டல் சந்தைச் சதுக்கத்தில் மரச்சட்ட வீடுகளைப் படம் எடுக்கப் பெருங்கூட்டம். பாலத்தைக் கடந்து கூஸ் பக்கம் போனால் ஆளில்லை. எனக்கு அந்தக் கரைதான் பிடித்தது. 1401இல் அங்கே ஒரு படகுக்காரர் மகனாகப் பிறந்த நிகோலஸ், பிற்காலத்தில் கார்டினல் ஆனார், பெரிய தத்துவ அறிஞர் ஆனார். சம்பாதித்ததைக் கொண்டு 1458இல் பிறந்த ஊரில் முதியோர் இல்லம் ஒன்றை நிறுவினார். இயேசு வாழ்ந்த வருஷக் கணக்குப்படி 33 பேருக்கு இடம். பாதிரிகள் ஆறு, பிரபுக்கள் ஆறு, மற்ற 21 பேரும் சாதாரண மக்கள். அதற்குச் சொந்தமான திராட்சைத் தோட்ட வருமானத்தில் தலைமுறை தலைமுறையாக நடந்திருக்கிறது. இன்றைக்கும் அங்கே முதியவர்கள் வசிக்கிறார்கள்.

முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் நடந்தோம். சக்கர நாற்காலியில் ஒரு தாத்தா வெயில் காய்ந்துகொண்டிருந்தார். தேவாலயத்தில் நிகோலஸின் இதயத்தை அடக்கம் செய்திருக்கிறார்கள், உடல் ரோமில். "நெஞ்ச மட்டும் ஊருக்கு அனுப்பிட்டார் பாரு" என்றார் இவர், மெதுவாக. வெளிநாட்டில் இருபது வருஷம் இருந்தவருக்கு அது சட்டென்று புரியும்.

மதியம் வேலன் ஊருக்கு எதிர்ச் சரிவில் சூரியக் கடிகாரம் பார்த்தோம். 1842இல் பாறையில் அமைத்தது, தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் நேரம் பார்ப்பதற்காக. அதற்குக் கொஞ்சம் கீழே, 2019இல் திறந்த உயரப் பாலம்: தரையிலிருந்து ஏறத்தாழ 160 மீட்டர் மேலே, 1.7 கிலோமீட்டர் நீளம். இந்தப் பள்ளத்தாக்குக்குள் அது வரக்கூடாது என்று பல வருஷம் எதிர்த்திருக்கிறார்கள். பொறியாளரான என் கணவருக்கு அதன் தூண்கள் அழகு. எனக்கு ஒப்பவில்லை. மேலே போகிற லாரிக்கு இந்த ஆறு அரை நிமிஷம்கூடக் கண்ணில் படாது.

அக்டோபர் 1, செவ்வாய். ப்ரெம்

இந்தப் பயணத்தில் இன்றைக்குப் பார்த்த இடத்தை மறக்கமாட்டேன். ப்ரெம் ஊரில் மோசல் ஒரு முழு வளையம் போடுகிறது. வளையத்துக்கு மேலே கால்மோன்ட் மலை. சில இடங்களில் 65 டிகிரி வரை சரிவு. ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டம் இதுதான் என்கிறார்கள். ஏணி வைத்து, கம்பி பிடித்து ஏறும் பாதை ஒன்று நடுவே போகிறது. இவருக்கு முழங்கால் வலி, ஆகவே பாதி தூரம் போய் ஒரு கல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டோம். இரண்டு மணி நேரம்.

பற்சக்கரம் வைத்த ஒற்றைத் தண்டவாளம் மலையில் நேராக ஏறுகிறது. அதில் ஆள் உட்கார்ந்து மேலே போகிறார், கூடைகள் கீழே இறங்குகின்றன. பறிப்பது மட்டும் கையால்தான். ஒரு காலை மேலும் ஒரு காலைக் கீழும் ஊன்றி, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, குலையைத் திருப்பிப் பார்த்து, அழுகிய மணிகளைக் கத்திரிக்கோல் நுனியால் கிள்ளியெறிந்துவிட்டு வாளியில் போட்டார் ஒரு பெண். ஒரு குலைக்கு இவ்வளவு. பக்கத்து வரிசைகளோ முள்ளும் புதரும். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் விட்டுவிட்டார்கள் போல. தாங்குசுவர்கூட ஓரிடத்தில் வயிறு தள்ளி நின்றது. கல்லின்மேல் கல்லாக யாரோ அடுக்கிய சுவர். தரிசு போட்ட நிலத்தைப் பார்க்க எந்த ஊரிலும் எனக்கு மனசு ஆறாது.

அக்டோபர் 2, புதன். கோஹெம்

நாள் முழுக்க மழை. முன்பதிவு செய்த விடுதியில் எங்கள் பெயரே இல்லை என்றார்கள். அரை மணி நேரம் வாக்குவாதம், பிறகு வேறொரு வீட்டு மாடியில் அறை. அங்கே வெங்காயப் பணியாரம் மாதிரி ஒன்று, தட்டையாகச் சுட்டு, சூடாகக் கொடுத்தார்கள். கூடவே இந்தப் பக்கத்து மலைத் தோட்டங்களில் விளையும் சிவப்புப் பீச் பழத்தில் செய்த ஜாம். இரண்டு சீசா வாங்கிக்கொண்டேன்.

கோஹெம் வீட்டுச் சுவர்களில் வெள்ளம் ஏறிய உயரத்தைக் கோடு போட்டு வருஷம் எழுதிவைத்திருக்கிறார்கள். 1993 டிசம்பர்க் கோடு என் தலைக்கு மேல்.

அக்டோபர் 3, வியாழன். கோப்லென்ஸ்

விடுமுறை நாள். எல்ட்ஸ் கோட்டையில் நெரிசல். எட்டு நூற்றாண்டுக்கு மேலாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும் கோட்டை, போரில் இடிபடாதது. காட்டு வழியே நடந்து போய், முதல் பார்வையோடு திரும்பிவிட்டோம். அதுவே போதுமாக இருந்தது.

வழியில், நீர்மட்டத்தோடு கப்பலை ஏற்றி இறக்கும் ஒரு மதகில் வண்டியை நிறுத்தினோம். சரக்குக் கப்பல் போகும்படி ஆற்றைச் சீரமைத்தபோது கட்டியது, 1964இல் அந்த வேலை முடிந்தது. ட்ரியருக்கும் கோப்லென்ஸுக்கும் இடையில் இப்படிப் பத்து. கப்பல் ஒன்று தொட்டிக்குள் வந்து நின்றது. பக்கச் சுவரை நனைத்துவிட்டுத் தண்ணீர் மெல்ல இறங்க, கப்பலும் இறங்கியது. அதில் காயப்போட்டிருந்த துணிகள் எங்கள் கண்மட்டத்திலிருந்து காலடிக்குப் போயின.

மூன்று மணிக்கு ரைன் ஆற்றோடு மோசல் சேரும் முனையில் நின்றோம். அப்பாவுக்கு வீடியோவில் அழைத்தேன். எண்பத்திரண்டு வயது. இந்த வருஷம் மேட்டூரை ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். அந்தக் கவலையிலிருந்து அவர் இன்னும் மீளவில்லை.

"எங்கம்மா இருக்க?"

"ரெண்டு ஆறு சேர்ற எடத்துல இருக்கம்ப்பா."

"தண்ணி ஓடுதா?"

போனைத் திருப்பி ஆற்றைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. இணைப்பு போய்விட்டதோ என்று பார்த்தால், கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு கரையும் தளும்பப் போவுது" என்றார். "கரைய நல்லாக் கட்டியிருக்கானுவ. இன்னும் கொஞ்சம் கிட்டக் காட்டு."