தண்ணீர் தெளிக்கும் முன் தலையைப் பாருங்கள்

ஐ.டி.ஐ. அழகுக்கலை டிரேடு (தொழிற்பிரிவு) ரிசல்ட் வந்துவிட்டது. பாஸ். செய்முறையில் எதிர்பார்த்ததைவிட நல்ல மதிப்பெண். பல மாதங்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்குகிறேன். அடுத்து எழுதப்போகும் தங்கைகளும், எழுதி முடித்துவிட்டுக் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சிகையலங்கார வேலை தேடுகிறவர்களும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பதால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். ஹால் டிக்கெட், கணினித் தேர்வு நடக்கும் விதம் எல்லாம் உங்களுக்கே தெரியும்.

எழுத்துத் தேர்வில் தேற 33 சதவீதம் போதும். செய்முறைக்கு 60 வேண்டும். உழைப்பை எங்கே போட வேண்டும் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன. ஆனால் நான் படித்த இடத்தில் வருடம் முழுவதும் நோட்டில்தான் எழுத வைத்தார்கள். கத்தரிக்கோல் கைக்கு வந்ததெல்லாம் டம்மி தலையில், அதுவும் எப்போதும் ஈரத்தலை. டம்மிக்குச் சுழி இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, முன்பு போட்ட மருதாணி இல்லை. அதில் யு கட் எல்லோருக்கும் அழகாக வந்துவிடும். உயிருள்ள ஒரு தலை வந்து உட்கார்ந்தால்தான் கை நடுங்கும். பணம் கட்டிப் படிக்கும் பிள்ளைகளுக்கு இது அநியாயம். அந்த வருத்தம் பாஸானபிறகும் எனக்குக் குறையவில்லை.

எனவே தேர்வுக்கும் சரி, பிறகு தொழிலுக்கும் சரி, நான் சொல்ல விரும்புவது முக்கியமாக ஒன்றுதான். தண்ணீர் தெளிக்கும் முன் காய்ந்த முடியைப் பாருங்கள்.

இதைக் கற்றுக்கொண்டது செக்காலை ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன பார்லரில். மாலை நேரத்தில் அங்கே உதவிக்குப் போவேன். அந்தக் கடை அக்கா, வந்தவரை உட்காரவைத்ததும் ஸ்பிரே பாட்டிலைத் தொடமாட்டார். முதலில் பின்னலை அவிழ்ப்பார். சிக்கெடுத்து, வகிடு தானாக எங்கே பிரிகிறதோ அங்கேயே விழவிடுவார். பிறகு பிடரியில் விரலை நுழைத்து, முடி எந்தத் திசையில் முளைத்திருக்கிறது என்று மேலும் கீழும் தடவிப் பார்ப்பார். ஒருமுறை கல்லூரிப் பெண் ஒருவர் தோளுக்கு மேலே நேராக வெட்டிவிடச் சொன்னார். “இங்கே தொட்டுப் பார்” என்று அக்கா என் விரலை அந்தப் பெண்ணின் பிடரி இடப்புறத்தில் வைத்தார். அங்கே ஒரு சுழி, மேல்நோக்கி. ஈரத்தில் இரண்டு பக்கமும் சமமாகத்தான் தொங்கியது. அக்கா இடப்பக்கத்தைச் சீப்பால் இழுக்காமல், சும்மா விழவிட்டு, ஒரு நூல் நீளமாக விட்டு வெட்டினார். டிரையர் போட்டதும் சுழி அந்தப் பக்கத்தைத் தூக்கியது. இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் வந்து நின்றன. ஈரத்தில் அளந்து வெட்டியிருந்தால் இடப்பக்கம் குட்டையாகிப்போயிருக்கும்.

காரணம் நம் பாடத்திலேயே இருக்கிறது. தண்ணீர் பட்டதும் முடிக்குள்ளிருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் விட்டுப்போகும். முடி நீளும், சொன்னபடி கேட்கும். காய்ந்ததும் பிணைப்பு திரும்பிவிடும், முடியும் தன் குணத்துக்குத் திரும்பிவிடும். சுருட்டை முடியில் இது இன்னும் அதிகம். எழுத்துத் தேர்வுக்காக மனப்பாடம் செய்த இந்த ஒரு வரி செய்முறையில் சோறு போடும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

தேர்வன்று எனக்கு மாடலாக வந்தவள் பள்ளத்தூரிலிருந்து வந்த என் சித்தி மகள். எல்லோரும் உட்கார்ந்தவுடன் தண்ணீர் தெளித்துப் பிரிவு எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் சீப்போடு நின்றேன். “ஏம்மா, இன்னும் ஆரம்பிக்கவில்லையா?” என்று தேர்வு நடத்த வந்த அம்மா கேட்டார். உச்சியில் ஒரு சுழி, வலப்பக்கம் அடர்த்தி, நுனியில் பிளவு, கடைசியாக மருதாணி போட்டது பொங்கலுக்கு என்று வரிசையாகச் சொன்னேன். அவர் பக்கத்தில் நின்று முழுவதும் கேட்டார். அதன்பிறகு என் கையில் நடுக்கம் இல்லை. மதிப்பெண் அங்கேதான் கிடைத்தது என்று உறுதியாக நம்புகிறேன்.

செய்முறைக்கு மற்றவை:

- கிளையண்ட் கார்டை (வந்தவரின் விவரம் எழுதும் அட்டை) நிரப்பிவிட்டுத்தான் கத்தரிக்கோலைத் தொடுங்கள்.
- சீப்பு தரையில் விழுந்தால் எடுத்துத் துடைத்துப் பயன்படுத்தாதீர்கள். அதை ஒதுக்கிவிட்டு வேறு சீப்பு. கூடுதலாக இரண்டு கொண்டுபோங்கள்.
- கருவிகளை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும், பிறகுதான் கிருமிநாசினி. முடியும் பிசுக்கும் ஒட்டிய சீப்பை யூ.வி. (புற ஊதாக் கதிர்) பெட்டியில் வைப்பதால் பயன் இல்லை. இதைக் கட்டாயம் கேட்பார்கள்.
- முடியைத் தூக்கிப் பிடிக்கும் கோணம்: 0 டிகிரியில் ஒரே நீளம், 45-இல் கிராஜுவேஷன் (சரிவான வெட்டு), 90-இல் லேயர் (அடுக்கு வெட்டு). வாயால் சொன்னால் போதாது, முடியைத் தூக்கிப் பிடித்துக் காட்ட வேண்டும்.
- முதல் வழிகாட்டிக் கற்றையை (மற்ற முடிக்கெல்லாம் அளவாக வைக்கும் கற்றை) அவசரப்படாமல் வெட்டுங்கள். அது கோணினால் தலை முழுவதும் கோணும்.

எழுத்துத் தேர்வுக்கு: முடியின் மூன்று அடுக்குகள், அனாஜென் (வளர்வது), கேட்டாஜென் (வளர்ச்சி நிற்பது), டெலோஜென் (ஓய்வு) என்ற முடியின் பருவங்கள், பெராக்சைடு (சாயத்தோடு கலக்கும் திரவம்) கணக்கு. வால்யூம் என்பது அதன் வீரியம்: 10 வால்யூம் என்றால் 3 சதவீதம், 20 என்றால் 6, 30 என்றால் 9, 40 என்றால் 12. எம்ப்ளாயபிலிட்டி ஸ்கில்ஸ் (வேலைத்திறன்) பாடத்தைக் கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இனி வேலை. நம் ஊருக்கு வரும் தலைகளைப் பற்றிச் சென்னையில் அச்சிடும் புத்தகங்களில் எதுவும் இல்லை. இங்கே பாதிப்பேர் எண்ணெய்த் தலையோடு வருவார்கள். வயதான ஆச்சிகள் பலர் வருடக்கணக்காக மருதாணியோ பாக்கெட் கறுப்புப் பொடியோ போட்டுவருகிறவர்கள். “சாயம் போட்டிருக்கிறீர்களா?” என்று கேட்டால் “இல்லை” என்றுதான் பதில் வரும்; மருதாணியைச் சாயமாக அவர்கள் நினைப்பதில்லை. ஆகவே, “ஆச்சி, தலைக்கு வீட்டில் என்னென்ன போடுவீர்கள்?” என்று கேளுங்கள். அந்தப் பொடிகள் சிலவற்றில் உலோக உப்பு கலந்திருக்கும். அதன்மேல் பெராக்சைடு பட்டால் சூடேறி முடி இற்றுப்போகும். சந்தேகம் வந்தால் சீப்பில் வந்த நான்கைந்து முடியை, 20 வால்யூம் பெராக்சைடில் சில சொட்டு அம்மோனியா விட்டு, அதில் அரை மணி நேரம் போட்டுவையுங்கள். கிண்ணம் சுட்டாலோ நுரைத்தாலோ கலரிங் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கறுப்புச் சாயத்தில் பி.பி.டி. என்ற, ஒவ்வாமை உண்டாக்கக்கூடிய ரசாயனம் இருக்கும் என்பதால், 48 மணி நேரத்துக்கு முன்பே வரச்சொல்லிக் காதுக்குப் பின்னால் தடவிப் பார்ப்பதும் கட்டாயம். “நாளைக்குக் கல்யாணம்” என்று அவசரப்படுத்துவார்கள். அப்போதும் மறுத்துவிடுங்கள். அன்றைக்கு ஒரு வாடிக்கையாளர் போகலாம். முகம் வீங்கிய ஒருவர் ஊர் முழுக்கச் சொன்னால் எல்லோரும் போய்விடுவார்கள்.

கல்யாண வேலை தனி உலகம். சிங்கப்பூர், மலேசியா, சென்னை என்று இருக்கும் நகரத்தார் குடும்பங்கள் கல்யாணத்துக்குத்தான் ஊர் வீட்டைத் திறக்கிறார்கள். கானாடுகாத்தானோ கோட்டையூரோ, அந்த வீட்டுக்கே போய்த்தான் வேலை. அங்கே முதலில் பிளக் பாயிண்டைப் பாருங்கள். 2000 வாட் டிரையர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். பழைய வீட்டு 5 ஆம்பியர் பாயிண்டில் செருகினால் பியூஸ் போய்விடும், சுவிட்ச் கருகவும் கூடும். 15 ஆம்பியர் பாயிண்ட் எங்கே என்று முந்தின நாளே கேட்டுவிட்டு, கனமான எக்ஸ்டென்ஷன் வயரோடு போங்கள். வெளிச்சத்துக்கு வளவு (வீட்டின் உள்முற்றம்) ஓரம் போதும், காலை ஏழு மணிக்கு அதைவிட நல்ல வெளிச்சம் எந்த விளக்கிலும் கிடைக்காது.

திருப்பூட்டு (தாலி கட்டும் சடங்கு) எத்தனை மணிக்கு என்பதையும் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கழுத்துரு (நகரத்தார் தாலி) பூட்டும்போது பின்னலைத் தூக்கிப் பிடிக்க வேண்டிவரும். சவுரியைப் பிடரியில் தொளதொளவென்று கட்டியிருந்தால் அந்த நேரத்தில் பூவோடு சரிந்துவிடும். முதலில் சொந்த முடியில் இறுக்கமாக ஒரு சின்னப் பின்னல், அதன்மேல் சவுரி, அதற்குமேல் ஊசி. இங்கேயும் முந்தின நாளே காய்ந்த முடியைப் பார்த்திருந்தால்தான் எத்தனை சவுரி வேண்டும் என்று தெரியும்.

“நிறையப் பேசப் பழகு, இன்ஸ்டாகிராமில் தினமும் வீடியோ போடு” என்று எனக்குச் சொல்லாத ஆள் இல்லை. எனக்கு அது ஒத்துவரவில்லை. நான் குறைவாகப் பேசுகிறவள். ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். வந்தவர் பெயர், சுழி எங்கே, எண்ணெயா ஷாம்பூவா, என்ன வெட்டினேன், எந்த எண் கலர் என்று எழுதிவைப்பேன். மறுமுறை வரும்போது “போன தடவை முன்பக்கம் கொஞ்சம் நீளமாக விடச்சொன்னீர்களே அக்கா” என்று கேட்டால் அவர் முகம் மலர்ந்துவிடும். அவரே அடுத்து நாத்தனாரை அழைத்துவருவார். அமைதியான பெண்கள் இந்தத் தொழிலுக்கு வரப் பயப்பட வேண்டாம்.

கத்தரிக்கோல்: 5.5 அங்குலம் ஒன்று நல்லதாக வாங்குங்கள், மற்றவை மலிவாக இருக்கட்டும். தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்காதீர்கள். குவிந்த விளிம்பு அந்தச் சக்கரத்தில் தட்டையாகிவிடும், பிறகு முடியை வெட்டாமல் மடக்கும். இரவில் துடைத்துத் திருகில் ஒரு சொட்டு எண்ணெய்.

சொந்தக் கடை உடனே வேண்டாம். மத்திய அரசின் முத்ரா சிறுதொழில் கடன் திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையில்லாமல் கடன் உண்டு என்பது உண்மைதான், ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமே கிடையாது. வாடகை அந்த மாதமும் உண்டு. ஒரு முழு ஆண்டு இன்னொருவர் கடையில் நின்று எந்த மாதம் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிடுங்கள்.

சேரும் முன் முதலாளியிடம் நேராகக் கேட்க வேண்டியவை: சம்பளம் எவ்வளவு, கமிஷன் எதற்கெல்லாம் உண்டு. டிப்ஸ் யாருக்கு. கல்யாண வேலைக்குப் போகவர வண்டிச் செலவு யாருடையது. கூட்டிப் பெருக்கும் வேலை தவிர, தலையில் கை வைக்க எப்போது விடுவீர்கள். கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராத இடத்தில் சேராதீர்கள்.