நுங்கம்பாக்கத்தில் கிடைத்த சில்வியா

ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருப்பது வேலூர்க்காரர்கள் பலருக்குத் தெரியும். 2019-இல் மாவட்டம் பிரிந்து திருப்பத்தூர் பக்கம் போய்விட்டாலும், எனக்கு அது இன்னும் எங்கள் வடஆற்காட்டு மலைதான்.

காவலூர் ஆய்வகத்தின் பூர்வீகம் சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகம். 1866 மே 16 அன்று அங்கிருந்து வானியலாளர் நார்மன் போக்சன் கண்டுபிடித்த சிறுகோள்தான் (சூரியனைச் சுற்றும் சிறிய பாறைக்கோள்) 87 சில்வியா; 87 என்பது அதன் வரிசை எண். அப்போது வானத்தைப் படமெடுத்துத் தேடும் வழக்கம் இல்லை. நட்சத்திர வரைபடத்தைக் கையால் வரைந்து, இரவுக்கு இரவு வானத்தோடு ஒப்பிட வேண்டும். நட்சத்திரம் போலத் தெரிந்த புள்ளி அடுத்த இரவு சற்று நகர்ந்திருந்தால், அது சிறுகோள். எவ்வளவு பொறுமை வேண்டும்! அதே ஆய்வகத்தில் உழைத்த நம் வானியலாளர் ரகுநாதாச்சாரியையும் இங்கே சொல்லியே ஆக வேண்டும். பாடப்புத்தகத்தில் இருக்க வேண்டிய பெயர்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே உள்ள சிறுகோள் பட்டையின் வெளி ஓரத்தில் சில்வியா சுற்றுகிறது. சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ ஆறரை ஆண்டுகள். அப்புறம் 2001-இல் அதற்கு ஒரு நிலா இருப்பது தெரிந்தது. 2005-இல் இரண்டாவதையும் அறிவித்தார்கள். அவற்றின் பெயர்கள் ரோமுலஸ், ரீமஸ். இரண்டு நிலாக்களோடு முதன்முதலில் அறியப்பட்ட சிறுகோள் இதுதான்!

நம் காவலூரும் சும்மா இருக்கவில்லை. 1988 பிப்ரவரியில் இராஜமோகன் அங்கிருந்து கண்டுபிடித்த சிறுகோளுக்கு 4130 ராமானுஜன் என்று பெயர். ஆம்பூர், வாணியம்பாடி ஆசிரியர்களே, பிள்ளைகளை ஒருமுறை ஆலங்காயம் வழியாக அந்த மலைக்குக் கூட்டிப் போங்கள்.