கடைசி வரைக்கும் ஜெபம் பண்ணினாரு

நான் சொன்னது இந்த ஒரு வரிதான்: "பாட்டா கடைசி வரைக்கும் ஜெபம் பண்ணினாரு." இதில் பொய் எதுவும் இல்லை. நர்ஸாக அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம், புண்ணுக்கு மருந்து வைத்து, மூத்திரப் பையை மாற்றிக் கட்டி, நான் கை கழுவிவிட்டு வந்ததும், "ஒரு வார்த்தை ஜெபிப்போம் மக்ளே" என்று கண்ணை மூடிக்கொள்வார். பேச்சு நின்றபிறகும் உதடு அசைந்துகொண்டிருந்தது. கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னேன். ஆனால் சாவு வீட்டில் அவர் மகன் கேட்டது அதை இல்லை.

"அப்பா விசுவாசத்துல ஒறச்சுதானே போனாரு சிஸ்டர்? ஒங்ககிட்டதான் மனசு விட்டுப் பேசுவாரு, அதான் கேக்கேன்." அவர் கையில் அடக்க ஆராதனை நோட்டீஸின் புரூஃப் இருந்தது. மேலே போட்டோ, அதன் கீழே "நல்ல போராட்டத்தைப் போராடினேன், ஓட்டத்தை முடித்தேன், விசுவாசத்தைக் காத்துக்கொண்டேன்." நம்ம பக்கத்தில் வழக்கமாகப் போடுகிற வசனம்தான். அச்சகத்துப் பையன் பைக்கை அணைக்காமல் வாசலில் நின்றான். அந்த இடத்தில் வேறு யார் இருந்தாலும் என்ன சொல்லியிருப்பார்கள்?

மகன் அப்படிக் கேட்டதும் எனக்குள் ஓடியது ஒரு புதன்கிழமை. பாட்டா நெடுங்காலம் சபை ஊழியராக இருந்தவர். அவரிடம் வசனம் மனப்பாடம் செய்த பிள்ளைகளில் போதகரானவர்களும் உண்டு. புராஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்புக்கு ஏறி இரண்டு காலும் விழுந்துவிட்டன. படுக்கைப் புண் இடுப்புக்குக் கீழே. அன்றைக்கு அவரைச் சுவர்ப் பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, சலைனில் நனைத்த காஸால் ஓரத்திலிருந்து துடைத்துக்கொண்டிருந்தேன். சதை நல்ல நிறத்துக்கு வரத் தொடங்கியிருந்தது. அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. சுவரைப் பார்த்துத்தான் பேசினார்.

"மக்ளே, நீ கொறய சாவு பாத்திருப்ப. போற நேரத்துல அவியளுக்கு அந்தப் பக்கம் எதாவது தெரியுதா?"

"எனக்குத் தெரியாது பாட்டா."

"எனக்கும் தெரியாது."

தமாஷ் என்று நினைத்துச் சிரிக்கப் போனேன். அவர் விடவில்லை. "தெரியும் தெரியும்னு சொல்லி எத்தன பேர குழியில எறக்கியாச்சி. இப்ப எனக்க மொறை. நெஞ்சில கைய வச்சு கேட்டா, ஆண்டவரு இருந்தா நல்லதுன்னு சொல்லலாம். அதுக்கு மேல ஒண்ணும் வரமாட்டேங்குது, கேட்டியா."

கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. வாய்க்குத்தான் வேலை இல்லை. எங்களுக்கென்று ஒரு பழக்கம் உண்டு; நோயாளி திடீரென்று மாதிரி மாறிப் பேசினால் தெளிவு பார்ப்போம். "இன்னைக்கு என்ன கெழம பாட்டா?" என்றேன். இந்தத் தடவை அவர்தான் சிரித்தார். "மாத்திரை பேசுதுன்னு நெனைக்கியா? புதன். இங்கேருந்து ஒனக்க வண்டி திற்பரப்புக்குப் போவும்."

சரியாகத்தான் சொன்னார். மார்ஃபின் 10 மில்லிகிராம், 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை. வெகுநாளாக ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. தொடங்கின புதிதிலோ அளவைக் கூட்டும்போதோ சிலருக்குப் புத்தி கலங்கும். இவர் தெளிவாக இருந்தார். "மருந்து மயக்கத்துல என்னமோ பேசுனாரு" என்று சொல்லியிருந்தால் மருமகள் அந்த நிமிடமே நிம்மதியாகியிருப்பாள். அந்த வழியை நான் எடுக்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. எடுக்காமல் என்ன சாதித்தேன் என்பது வேறு.

பிறகு அவர், எங்கள் பக்கத்துக்குச் சுவிசேஷம் கொண்டுவந்த மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் கதைக்குப் போனார். 1806ல் மயிலாடிக்கு வந்தவர், 1816ல் உடம்பு முடியாமல் இங்கிருந்து கிளம்பிக் கப்பல் ஏறினார். மலாக்கா வரை போனது தெரியும். அதற்குப் பிறகு என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியாது. இது நாங்களும் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்வதுதான், ஆனால் அந்தக் கடைசி பாகத்தை வேகமாகக் கடந்துவிடுவோம். பாட்டா அங்கேதான் நின்றார். "நமக்கு இதக் கொண்டு தந்தவரு எங்க செத்தாருன்னே தெரியாது. என்ன நெனச்சுட்டுச் செத்தாருன்னு ஆரு கண்டா? பக்கத்துல ஒன்ன மாதிரி ஒரு நர்சு இருந்திருந்தா கேக்கலாம்."

இதை வெளியே சொல்லாதே என்று அவர் சொன்னாரா? எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன், சொல்லவில்லை. சொல்லு என்றும் சொல்லவில்லை. நான் திருப்பிப் படுக்கவைத்ததும் "ஜெபிப்போமா" என்றார். இன்றைக்கு ஜெபம் எப்படி இருக்கும் என்று காது கொடுத்துக் கேட்டேன், ஒப்புக்கொள்கிறேன். எப்போதும் போலத்தான் இருந்தது. டிரைவர் தம்பியின் பெயரைச் சொல்லி, என் வீட்டுக்காரரின் வேலைக்காக, மழை இல்லாமல் ரப்பர் பால்வெட்டு நிற்கிறவர்களுக்காக. ஒரு வார்த்தை தடுமாறவில்லை.

எங்கள் வேலையில் "தெரியாது" என்று சொல்வதைத்தான் முதலில் கற்றுத்தருவார்கள். இன்னும் எத்தனை நாள் என்று கேட்பார்கள். நாள் குறித்துச் சொல்லக் கூடாது. வாரக்கணக்கா, நாள்கணக்கா என்று மட்டும், அதுவும் மாறலாம் என்று சேர்த்து. 2021ல் மக்களைத் தேடி மருத்துவம் வந்து வலி தணிப்பு சிகிச்சை வீட்டு வாசலுக்குப் போகத் தொடங்கியபிறகு, இந்தப் பதிலைச் சொல்லாத வீடு கிடையாது. இந்தச் சிகிச்சைக்கு வழிகாட்டியான சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் நல்ல விசுவாசி. 1967ல் லண்டனில் கடைசிக்கால நோயாளிகளுக்காக செயின்ட் கிறிஸ்டோபர் காப்பகத்தைத் திறந்தவர். வலி என்பது உடம்பு மட்டும் இல்லை, மனசு, குடும்பம், ஆத்துமா எல்லாம் சேர்ந்தது என்று சொன்னவர் அவர்தான். ஆத்தும வலியோடு ஒருவர் பேசினால் வாதாடாதே, உபதேசம் பண்ணாதே, கேள்: இதுதான் பயிற்சி. நான் கேட்டேன். வாதாடவில்லை. ஆனால் அன்றைய குறிப்பில் "ஜெபம் விரும்புகிறார்" என்று மட்டும் எழுதிவைத்தேன். ஆக, மகனிடம் சொன்ன பதிலை நான் ஏற்கெனவே எழுதி முடித்திருந்தேன்.

நோயாளி சொன்னதை வெளியே விடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நியாயம்தான். அப்படியென்றால் "அது பாட்டாவுக்கும் எனக்கும் உள்ளது" என்று மகனிடம் சொல்லியிருக்கலாமே? சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும், அன்று ராத்திரி தூக்கம் போயிருக்கும். சாவு வீட்டில் அதைச் செய்ய எனக்கு என்ன உரிமை? இதுவரைக்கும் சரியாகத்தான் வருகிறது. பிறகு உள்ளே ஒன்று சொல்கிறது: நீயும் அந்தப் பதிலைத்தானே கேட்க ஆசைப்பட்டாய். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று ஒரு தகப்பன் கதறுவானே, அந்த வசனம் புண்ணைத் துடைக்கும்போதே என் வாய்க்கு வந்தது. அவருக்குப் போய் நான் வசனம் சொல்வதா என்ற கூச்சத்தில் விழுங்கிவிட்டேன்.

என் வரி அடக்க ஆராதனையில் வளர்ந்துவிட்டது. "அவரைக் கவனித்துக்கொண்ட செவிலியர் சகோதரியே சாட்சி, கடைசி மூச்சு வரை அசையாத விசுவாசம்" என்றார் போதகர். முன்வரிசைப் பெண்கள் திரும்பி என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். நான் கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டு தேடினேன்.

சாவுக்குப் பிறகும் ஒருமுறை வீட்டுக்குப் போய் வருவது எங்கள் வழக்கம். பாட்டி ஒட்டுப்பால் வாடையடிக்கிற திண்ணையில் காய்ந்த ரப்பர் ஷீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்ததும், "ஒனக்கிட்டயும் சொன்னாரு இல்லியா?" என்றார். எதை என்று கேட்கவில்லை நான்.

"அவருக்கு அது எப்பவும் உண்டும் மக்ளே. சனிக்கெழம ராத்திரி பிரசங்கம் எழுத உக்காந்தா வரும். ஞாயித்துக்கெழம காலத்த போயிரும்."

"ஒங்க மகனுக்குத் தெரியுமா பாட்டி?"

"அவனுக்கு என்னத்துக்கு? அவன் சபைக் கமிட்டியில இருக்கான்."

அப்போது சிரிப்பு வந்தது. வண்டியில் வரும்போது கோபம் வந்தது. சனிக்கிழமை சந்தேகமும் ஞாயிற்றுக்கிழமை ஜெபமுமாக ஒரு ஆயுள் முழுக்க ஓடியிருக்கிறது என்றால், அவர் விசுவாசம் இருந்த விதமே அதுதானோ என்னவோ. அப்படியானால் நோட்டீஸில் போட்ட வசனம்கூடச் சரிதான். ஆனால் நான் மகனிடம் பேசியபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரியாமல் சொன்னது பிறகு உண்மையாகிவிட்டால் அதற்கு என்ன கணக்கு?

இதோடு போயிருந்தால் மறந்திருப்பேன். அருமனைப் பக்கம் ஒரு அக்கா, மார்பகப் புற்றுநோய், அந்த அடக்கத்துக்கு வந்திருந்தவர். போன மாதம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அந்தச் சபை ஊழியரு மாதிரி எனக்கு உறுதி இல்லியே சிஸ்டர். ஜெபம் பண்ணுனா சொவருல முட்டுன மாதிரி இருக்கு. நான் எங்க போவேன்?" ரகசியம், பயிற்சி எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சொன்னேன்: "அவரும் தெரியாதுன்னுதான் சொன்னாருக்கா. என்கிட்டயே சொன்னாரு."

அவர் அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தார். "எனக்க மனசு ஆறட்டும்னு செத்த மனுசன் பேருல பொய் சொல்லாதீங்க சிஸ்டர்."

நம்பவில்லை. சபையில் சொன்னதை நம்பினார், இதை நம்பவில்லை. நான் அதற்கு மேல் வாதாடவில்லை. மாத்திரைக்கு நேரம் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது முதலாமாண்டு நினைவுக் கூட்டம் வருகிறது. மகன் போன் பண்ணி, ஒரு மூன்று நிமிடம் சாட்சி சொல்ல வேண்டும் என்றார். டூட்டி பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அன்றைக்கு எனக்கு ஆஃப். மகனுக்கு அது தெரியாது. பாட்டி மட்டும் டிரைவர் தம்பியிடம் விசாரித்து வைத்திருக்கிறார்.