நீர்க்கோடு 28-ல் நின்றது: அம்பாசிடருக்குப் பெட்ரோல் தேடின கதை

என் பழைய அம்பாசிடருக்கு எந்தப் பெட்ரோல் ஒத்துவரும் என்ற கேள்விக்கு ஒருவழியாகப் போன மாதம் ஒரு சாயங்காலம் விடை கிடைத்துவிட்டது. நாலு பெட்ரோல் பங்கிலிருந்து நாலு அலுமினிய கேனில் வாங்கி வந்து, ஷெட்டுக்கு வெளியே மாமரத்தடியில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் எத்தனால் (பெட்ரோலில் கலக்கும் ஆல்கஹால்) எவ்வளவு என்று நானே அளந்து பார்த்துவிட்டேன். பத்து மாதமாக இந்த வண்டியோடு பட்ட பாட்டுக்கு இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

வண்டி 1977 மார்க் 3. 1489 சிசி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்க எஸ்.யூ. கார்பரேட்டர், எஞ்சின் பக்கவாட்டில் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப். போன சித்திரையில் ஆரம்பித்தது தொல்லை. கோவையிலிருந்து கிளம்பி பல்லடத்தில் டீ குடிக்க நிறுத்தினால் பத்து நிமிஷம் கழித்து ஸ்டார்ட் ஆகாது. சூட்டில் பம்புக்குள் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும், பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருந்தால் உயிர் வரும். ஈரத்துணி வைத்தியம் அப்பா காலத்திலிருந்தே இருக்கிறதுதான், ஆனால் அவர் அதை மே மாதத்தில் மலை ஏறும்போது செய்வார், நான் மார்கழியிலும் செய்ய வேண்டியிருந்தது. காயில், கண்டன்சர், பிளக் என்று தீப்பொறி தரும் பாகங்கள் எல்லாம் மாற்றியாயிற்று. நடுவில் ஐப்பசி மழையில் ஏழு வாரம் வண்டி நின்றுவிட்டது. எடுக்கும்போது கார்பரேட்டர் பௌலை (பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தை)த் திறந்தால் அடியில் டீ நிறத்தில் தண்ணீர் மாதிரி ஒன்று, மேலே பெட்ரோல். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு, ஓரளவுக்கு மேல் தாங்காமல் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தங்கிவிட்டிருக்கிறது. டேங்க்கின் அடியில் துரு வந்ததும் அதனால்தான். இரும்புத் தகட்டில் அடித்த பழைய டேங்க் இதை எத்தனை மழைக்காலம் தாங்கும்?

இந்தப் பத்து மாதத்தில் கேட்ட ஆலோசனை முக்கால்வாசி ஆக்டேனைப் பற்றித்தான், அதாவது எஞ்சினில் தட்டல் இல்லாமல் பெட்ரோல் எரியும் தரத்தைச் சொல்லும் எண். "பழைய வண்டிங்க, 95 போடுங்க, ஸ்மூத்தா ஓடும்" என்று பங்கிலும் சொன்னார்கள், ஷெட்டிலும் சொன்னார்கள். நானும் மூணு மாதம் கூடுதல் காசு கொடுத்துப் போட்டேன். இந்த எஞ்சினின் கம்ப்ரெஷன் விகிதம் எட்டுக்கும் கீழே, அதற்கு உயர்ந்த ஆக்டேன் தேவையில்லை. அந்தக் காலத்தில் 87, 93 என்று இரண்டு ரகம் விற்றபோது இந்த வண்டிகள் 87-லேயே ஓடின. இன்றைக்குச் சாதாரண பெட்ரோலே 91-க்குக் குறைவில்லை. ஆக்டேன் இதற்கு ஒரு பிரச்சினையே இல்லை. பார்க்க வேண்டியது எத்தனாலை மட்டும்தான். அது 2022-ல் 10 சதவீதம் ஆகி, 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலவை அறிமுகமாகி, 2025-க்குள் எல்லா ஊருக்கும் வந்துவிட்டது. என் வண்டியின் தொல்லை ஆரம்பித்த சமயத்தோடு இதை வைத்துப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது, ஆனால் சந்தேகம் தீர்வது வேறு, அளந்து பார்ப்பது வேறு.

சரி, அளந்த முறை. 100 மில்லி அளவு ஜாடி, கண்ணாடியில், மூடியோடு. பிளாஸ்டிக் வேண்டாம், கோடு மங்கலாகத் தெரியும், பெட்ரோல் பட்டு எழுத்தும் அழியும். முதலில் 10 மில்லி தண்ணீர், அதில் ஒரு சொட்டு நீல ஃபுட் கலர். இந்த ஒரு சொட்டைத்தான் நான் முதல் தடவை விட்டுவிட்டேன். பெட்ரோலுக்கே ஒரு நிறம் இருப்பதால் எது தண்ணீர் எது பெட்ரோல் என்று பிரித்துச் சொல்ல முடியாமல் 24-ஆ 29-ஆ என்று அரைமணி நேரம் கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கலர் தண்ணீரோடு மட்டும்தான் போகும், பெட்ரோலில் ஏறாது, அதனால் கோடு கத்தியால் வெட்டினது போலத் தெரியும். மேலே 100 வரை பெட்ரோல். மூடி ஒரு நிமிஷம் குலுக்க வேண்டும், நடுநடுவே மூடியைத் தளர்த்தி ஆவியை வெளியே விட வேண்டும், இல்லாவிட்டால் மூடி தெறிக்கும். பிறகு சமதரையில் வைத்துப் பத்து நிமிஷம் தொடக்கூடாது. பெட்ரோலில் இருக்கும் எத்தனால் முழுக்கக் கீழே இறங்கித் தண்ணீரோடு சேர்ந்துவிடும், நீலப்பகுதி எவ்வளவு உயர்கிறதோ அதுதான் எத்தனால். கோட்டைப் படிக்கும்போது கண் அதே மட்டத்தில் இருக்க வேண்டும், நடுக்குழிவைப் படிக்க வேண்டும். பக்கத்தில் அடுப்பு, பீடி, ஓடுகிற மோட்டார் எதுவும் கூடாது.

வீட்டுப் பக்கத்து பங்கின் சாதாரண பெட்ரோல்: கோடு 10-லிருந்து 28. அதாவது 90-ல் 18, சரியாக 20 சதவீதம். அவினாசி ரோட்டில் வாங்கியது 27.5. மூணு மாதம் நம்பிப் போட்ட அந்த 95: அதுவும் 28! கடைசியாக 100 ஆக்டேன். குலுக்கி வைத்துவிட்டுப் பத்து நிமிஷம் என்று சொன்னேனே, நான் இருபது நிமிஷம் காத்திருந்தேன். கோடு 10-லேயே நின்றது. மறுபடி ஜாடியைக் கழுவிக் காயவைத்து இன்னொரு தடவை செய்தேன். 10-தான், எத்தனாலே இல்லை. கத்திக் கூப்பிட்டு வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன்.

பங்கில் கேட்டால் டென்சிட்டி பார்த்துத் தருவார்கள், ஃபில்டர் பேப்பரும் தருவார்கள், இரண்டும் நல்லதுதான். ஆனால் கலப்படம் பிடிக்கத்தான் அவை, எத்தனால் எவ்வளவு என்று இரண்டுமே சொல்லாது.

தண்ணீர் ஊற்றி எத்தனாலைக் கழுவி எடுத்துவிட்டு மிச்சத்தை ஊற்றலாமே என்று சிலர் செய்கிறார்கள். ஒரு லிட்டரில் செய்து பார்த்தேன், வேண்டாம். எத்தனால் போகும்போது அது கொடுத்த ஆக்டேனும் போய்விடுகிறது, மீதிப் பெட்ரோல் எந்த ரகம் என்றே தெரியாது, அது போக ஈரம் வேறு தங்கும். கழுவின அந்தத் தண்ணீரை எங்கே கொட்டுவது?

100 ஆக்டேன் நான் வாங்கினபோது லிட்டர் 160 ரூபாயைச் சுற்றி வந்தது, எல்லா பங்கிலும் இல்லை. இண்டியன் ஆயில் இதை எக்ஸ்பி100 என்ற பெயரில் 2020 டிசம்பரில் கொண்டுவந்தபோது விலையுயர்ந்த வெளிநாட்டு வண்டிக்காரர்களுக்கானது என்று நினைத்து நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த ஆக்டேன் என் வண்டிக்கு வேண்டாம், எத்தனால் இல்லாததற்காகத்தான் காசு. இப்போதைக்கு என் கணக்கு: இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கப் போகிறது என்றால் டேங்க்கில் 100 மட்டும். ஓட்டும் நாட்களில் 100-ம் சாதாரணமும் பாதிக்குப் பாதி, அதாவது எத்தனால் பத்து சதவீதத்துக்கு வந்துவிடும்.

இதில்தான் கார்பரேட்டர் மாட்டுகிறது. எத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும், அதனால் 20 சதவீதம் உள்ளே போனால் பழைய செட்டிங்கில் கலவை மெலிந்துவிடும், அதாவது காற்று அதிகமாகிப் பெட்ரோல் போதாமல் போகும். வெயிலில் எஞ்சின் சூடேறினதற்கும் பிக்கப் செத்ததற்கும் இது ஒரு காரணம். எஸ்.யூ.வில் ஜெட் (பெட்ரோல் வரும் துளை) நட்டைக் கீழே இறக்கினால் பெட்ரோல் கூடும். நான் ஒரு ஃப்ளாட், இரண்டு ஃப்ளாட் (நட்டின் ஒரு பக்க அளவு திருகல்) என்று இறக்கி, ஒவ்வொரு தடவையும் கார்பரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு ஊக்கை வைத்து ஒரு மயிரிழை தூக்கிப் பார்க்கிறேன். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், உடனே சாகப் போனால் குறைவு, லேசாக ஏறி இறங்கி நிதானித்தால் சரி. பாதிக்குப் பாதியில் சரியாக நிற்கிற இடம் பிடித்துவிட்டேன். ஆனால் அதே இடத்தில் 100 மட்டும் ஊற்றினால் கொஞ்சம் அதிகமாகிப் பிளக் கறுக்கிறது. ஒரே செட்டிங்கில் இரண்டு பெட்ரோலும் நடக்காது, ஏதாவது ஒன்றில் நிலைக்க வேண்டும்.

ஈயத்தைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வரி: 2000 பிப்ரவரியிலிருந்து ஈயப் பெட்ரோலே இல்லை. இந்த எஞ்சினில் வால்வ் உட்காரும் சீட் வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே கடைந்தது, ஈயம் இல்லாமல் வெகுதூரம் வேகமாக ஓட்டினால் எக்ஸாஸ்ட் சீட் உள்ளே தேய்ந்து இறங்கும், டாப்பெட் இடைவெளி அடிக்கடி குறைந்தால் அதுதான் அறிகுறி. நான் ஹெட் இறக்கினபோதே தேயாத கெட்டி உலோகத்தில் தனி சீட் அடித்துவிட்டேன்.

பெட்ரோல் போகும் ரப்பர் ஹோஸ் விஷயத்தில் இன்னமும் கோபம் ஆறவில்லை. எத்தனால் தாங்கும் என்று சத்தியம் பண்ணி ஒரு கடையில் கொடுத்த ஹோஸ் நாலே மாதத்தில் உள்ளே ஊதி, விரலால் தேய்த்தால் கறுப்பாக மாவு மாதிரி வருகிறது. அந்த மாவுதான் பௌலுக்குப் பெட்ரோல் வரும் வழியை மூடித் திறக்கும் ஊசியை அடைத்திருக்கிறது. வாங்கும்போது ஹோஸ் மேலேயே எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்ற தரக்குறி அச்சடித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சென்னை ஜி.பி. ரோட்டில் அப்படி ஒன்று கிடைத்து மீட்டர் கணக்கில் வாங்கி வந்தேன். பம்புக்குள் அசையும் சவ்வு, அதாவது டயாஃப்ரம், எத்தனால் தாங்கும் 'விட்டான்' (Viton) ரப்பரில் இன்னும் கிடைக்கவில்லை. புதுப்பேட்டையில் பழைய பம்ப் பாடி மட்டும் இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன், டயாஃப்ரம் வந்தால் ஒன்றைக் கட்டிப் பார்க்கலாம்.

டேங்க்கை இறக்கித் துரு எடுப்பது அடுத்தது. மறுபடி துரு பிடிக்காமலிருக்க உள்ளே பூசும் சீலர் சிலது எத்தனாலில் கரைந்து தோல் தோலாக உரிகிறதாம், அதனால் பூசுவதற்கு முன்னால் ஒரு தகரத் துண்டில் பூசிக் காயவைத்து, அந்த 28 காட்டின பெட்ரோலிலேயே ஒரு மாதம் ஊறப்போட்டிருக்கிறேன். இன்றைக்கு ஒன்பதாம் நாள், ஓரம் மட்டும் லேசாக மிருதுவாகியிருக்கிறது.