அட்டையில் இல்லாத வசனங்கள்

எங்கள் சபையில் டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் புது வருஷத்துக்கென்று வேதவசனம் ஒன்று அச்சடித்த வாக்குத்தத்த அட்டைகளை ஒரு தட்டில் கொண்டுவருவார்கள். வரிசையில் நின்று, கண்ணை மூடி, மனதுக்குள் ஒரு சின்ன ஜெபம் பண்ணிவிட்டு ஆளுக்கு ஒன்று எடுப்போம். 2018 முடிந்த அந்த இரவில் எனக்கு வந்தது எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகம் 29:11. “நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு” என்று தொடங்குகிற வசனம். அங்கேயே அழுதுவிட்டேன்.

ஏனென்றால் நான் எதிர்பார்த்திருந்த முடிவு ஒன்றே ஒன்றுதான், ஊருக்குத் திரும்ப வேண்டும். 2017 ஜூனில் என் கணவருக்கு மாற்றல் வந்து, தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தை விட்டுச் சென்னைப் பக்கம் ஆவடிக்கு வந்திருந்தோம். வந்த நாளிலிருந்தே இது நம் இடம் இல்லை என்று மனதில் தீர்த்துவிட்டேன். பரணில் ஏற்றின அட்டைப்பெட்டிகளில் பாதியைப் பிரிக்கவே இல்லை. எதிர்வீட்டு அக்காவிடம் படியில் பார்த்தால் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். அட்டையைப் பீரோ கண்ணாடியில் செருகிவைத்து, தினமும் காலையில் அதைப் பார்த்து ‘ஆண்டவரே, நீர் சொன்னீரே’ என்று ஜெபித்தேன். 2019 போய்விட்டது, மாற்றல் வரவில்லை.

2020 ஏப்ரலில் ஊரடங்கு. கோவில் மூடியிருந்ததால் வீட்டிலேயே குடும்ப ஜெபத்தில் நாளுக்கு ஒரு அதிகாரமாக எரேமியாவை வாசித்துக்கொண்டு வந்தோம். இருபத்தெட்டாம் அதிகாரம் வந்த அன்றைக்கே எனக்கு ஏதோ உறுத்தியது. அனனியா என்கிற தீர்க்கதரிசி எல்லார் முன்பாகவும் நின்று, இரண்டு வருஷத்துக்குள் பாபிலோன் ராஜாவின் நுகம் முறிந்துவிடும், எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களெல்லாம் திரும்பி வந்துவிடுவார்கள் என்கிறான். எரேமியாவுக்கும் அது நடந்தால் சந்தோஷம்தான், ‘ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக’ என்றுகூடச் சொல்கிறார். ஆனால் கர்த்தர் சொன்னது அது இல்லை. மறுநாள் வாசித்த இருபத்தொன்பதாம் அதிகாரத்தில்தான் எரேமியா எழுதின அந்தக் கடிதம் வருகிறது, எருசலேமிலிருந்து பாபிலோனுக்கு, ஏற்கெனவே சிறைப்பட்டுப் போனவர்களுக்கு. என் அட்டை வசனத்துக்குச் சரியாக ஒரு வசனம் முன்னால், பத்தாம் வசனத்தில், எழுபது வருஷம் என்று இருக்கிறது. அந்தக் கடிதம் வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகர் ஊரைத் திரும்பப் பார்க்கப்போவதில்லை. அவர்களுக்குத்தான் ‘சமாதானத்துக்கு ஏதுவான நினைவுகளே’ என்று எழுதப்பட்டது. நானோ பதினைந்து மாதமாக எரேமியாவின் வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு அனனியா சொன்னதற்காக ஜெபித்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் மேலே போனால் ஐந்தாம் வசனம்: “நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்.” ஏழாம் வசனத்தில் அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடச் சொல்லி, அதற்காக விண்ணப்பம் பண்ணச் சொல்லி, ‘அதின் சமாதானத்திலே உங்களுக்குச் சமாதானமிருக்கும்’ என்கிறார். தங்களைப் பிடித்துக்கொண்டு போனவர்களின் பட்டணத்துக்காக! நான் மூன்று வருஷத்தில் ஆவடிக்காக ஒரு ஜெபம் பண்ணினதில்லை. மகள்தான் அன்றைக்கு வாசித்தாள், அவள் பத்தாம் வசனத்துக்குப் போய்விட்டாள், நான் ‘ஏழாம் வசனத்தை மறுபடி வாசி’ என்றேன்.

வசனத்துக்கு மனதைத் திறப்பது என்றால் உருக்கமாகக் கேட்பது, கண்ணீர் விடுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கண்ணீர் எனக்கு எப்போதும் வரும். யாக்கோபு 1:21 ‘திருவசனத்தைச் சாந்தமாய் ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்கிறது. அந்தச் ‘சாந்தமாய்’ எனக்கு இப்போதுதான் புரிகிறது. நான் கேட்க வந்தது ஒன்று, அவர் சொல்வது வேறொன்று என்றாலும், வாக்குவாதம் பண்ணாமல் முழுவதையும் உள்ளே விடுவது. ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிறுவன் சாமுவேல் கர்த்தரிடம் சொன்ன ‘சொல்லும், அடியேன் கேட்கிறேன்’ என்பதை மனப்பாடம் பண்ணவைக்கிறோம். அதற்கு அடுத்து கர்த்தர் என்ன சொன்னார்? ஆசாரியன் ஏலியின் வீட்டுக்கு வரப்போகிற நியாயத்தீர்ப்பை. வளர்த்தவரைப் பற்றிய அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு, அதை அவரிடம் சொல்லப் பயந்து, பிள்ளை விடியுமட்டும் படுத்திருந்தான். பிள்ளைகளுக்கு இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

வாக்குத்தத்த அட்டை தப்பு என்று சொல்லவில்லை. கஷ்டத்தில் இருக்கிறவர்களுக்கு அந்த ஒரு வசனம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும், நானும் ஒவ்வொரு வருஷமும் எடுக்கிறேன். வீட்டுக்கு வந்து அந்த அதிகாரத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கிறேன், யாருக்குச் சொன்னார், எதற்குச் சொன்னார் என்று பார்க்கிறேன். சில வருஷம் அது அட்டையை விடக் கஷ்டமாக இருக்கிறது.

சரி, அந்த வாரமே பெட்டிகளை இறக்கினேன். அம்மா கொடுத்த பித்தளைக் குத்துப்போணி ஒரு பெட்டியில் மூன்று வருஷம் பழைய செய்தித்தாளுக்குள்ளேயே கிடந்திருக்கிறது. ஊரடங்கு தளர்ந்ததும் ஒரு கறிவேப்பிலைக் கன்று வாங்கி, பால்கனியில் பெரிய பெயிண்ட் வாளியில் வைத்தேன். முதல் வருஷம் நாலு இலைக்கு மேல் போகவில்லை, புளித்த மோர் ஊற்றச் சொன்னது எதிர்வீட்டு அக்காதான். இப்போது தாளிப்புக்கு நாங்கள் கடையில் கறிவேப்பிலை வாங்குவதில்லை, அவர்களும் வந்து பறித்துக்கொண்டு போகிறார்கள். மாற்றல் இன்னும் வரவில்லை. அந்தப் பழைய அட்டை கண்ணாடியில்தான் இருக்கிறது, அதன் ஓரத்தில் பேனாவால் 5, 7, 10 என்று எழுதிவைத்திருக்கிறேன்.