எத்தனை மணிக்கு ஆள் அனுப்பட்டும்?

பி.ஏ. ஆங்கிலம் படித்த காலத்தில் ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. நோட்ஸில் இருந்த இரண்டு பக்கத்தை நெட்டுருப் போட்டுத் தேறிவிட்டேன். அமரக் காதல், குலப்பகை, விதி, அவ்வளவுதான். இருபது வருடம் கழித்து, போன மாதம் காய்ச்சலில் படுத்திருந்தபோதுதான் முழுதாகப் படித்தேன்.

நாடகம் தொடங்கும்போது ரோமியோ உருகிக்கொண்டிருப்பது ரோசலின் என்கிற வேறொரு பெண்ணுக்காக. அவளுக்கு நாடகத்தில் ஒரு வரி வசனம்கூடக் கிடையாது. இவனோ ஈய இறகு, குளிர்ந்த நெருப்பு என்று அடுக்கிக்கொண்டே போகிறான். இத்தாலியக் கவி பெத்ரார்க்கைப் பின்பற்றி அன்றைய ஆங்கிலக் கவிஞர்கள் பலரும் இப்படித்தான் எழுதித் தள்ளினார்கள். ஷேக்ஸ்பியர் அதைக் கேலி செய்கிறார் என்றே எனக்குப் படுகிறது. அன்றிரவு விருந்தில் ஜூலியட்டைப் பார்த்ததுமே ரோமியோ ரோசலினை மறந்துவிடுகிறான்.

அடுத்து வருவதைப் பால்கனிக் காட்சி என்று ஊரே சொல்கிறது. பால்கனி என்ற சொல் மூலத்தில் எங்குமே இல்லை, ஜன்னல்தான். அங்கே நடப்பதைப் பாருங்கள். மதில் இவ்வளவு உயரமாயிற்றே, எப்படி வந்தாய் என்று கேட்கிறாள். காதலின் சிறகால் பறந்து வந்தேன் என்கிறான். என் வீட்டார் பார்த்தால் கொன்றுவிடுவார்கள் என்கிறாள். அவர்களுடைய இருபது வாளைவிட உன் கண்தான் ஆபத்து என்கிறான். நிலவின் மேல் ஆணையிடப் போனவனை, மாதாமாதம் மாறுகிற அதன்மேல் வேண்டாம் என்று தடுக்கிறாள். கல்யாணம்தான் நோக்கம் என்றால் எங்கே, எந்நேரம் என்று நாளை சொல்லியனுப்பு என்கிறாள். பதினான்கு வயது நிரம்பாத பெண்!

விடைபெற்றுப் போனவனைத் திரும்பக் கூப்பிடுகிறாள். நாளை எத்தனை மணிக்கு ஆள் அனுப்பட்டும்? ஒன்பது மணிக்கு. அதற்கு இன்னும் இருபது வருடம் இருப்பதுபோல் இருக்கிறதே என்றவள், உன்னை எதற்குக் கூப்பிட்டேன் என்பதே மறந்துவிட்டது என்கிறாள். ஞாபகம் வரும்வரை இங்கேயே நிற்கிறேன் என்கிறான் அவன். சிறகும் இல்லை, வாளும் இல்லை. எனக்கு நிச்சயமான பிறகு தெருமுனை ஒரு ரூபாய் போனில், கடைசி நாணயத்தையும் போட்டுவிட்டு, சொல்ல வந்ததை மறந்து நின்றிருக்கிறேன். எதிர்முனையிலும் சத்தமில்லை.

மறுநாள் ஒன்பது மணிக்கு, அரை மணியில் வருகிறேன் என்று ரோமியோவிடம் போன ஜூலியட்டின் செவிலித்தாய் பன்னிரண்டு மணிக்குத்தான் திரும்புகிறாள். எலும்பெல்லாம் வலிக்கிறதம்மா என்று அலுத்துக்கொள்கிறாள். அவன் என்ன சொன்னான் என்று ஜூலியட் துடிக்கிறாள். உன் காதலர் சொல்கிறார், கண்ணியமானவர், அன்பானவர், அழகானவர் என்று இழுத்தவள், நடுவிலேயே நிறுத்திக் கேட்கிறாள்: “ஆமாம், உன் அம்மா எங்கே?”